புதுத் தோற்றத்தில் கேம் ஸ்டோர்: பல மாதங்கள் பயன்படுத்திய பிறகு

நான் தொடர்ந்து ஆடும் ஓர் ஆன்லைன் கேமின் ஸ்டோரை, அதாவது கேமுக்குள் பயன்படுத்தும் பொருள்களை விற்கும் பகுதியை, முழுவதுமாக மாற்றியமைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. பழகிய இடம் மாறும்போது வரும் முதல் எரிச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். கணினியிலும், டிவியோடு இணைத்த கேம் கன்சோலிலும், அவ்வப்போது போனிலும் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதுகிறேன்.

பழைய ஸ்டோரில் மரப்பலகையும் தோல் பட்டையும் துருவேறிய இரும்பு ஓரமுமாக, அந்தக் கேமின் உலகமே தெரிந்தது. ஆனால் பழுப்புப் பின்னணியில் பொன்னிறப் பொடி எழுத்து. சோபாவில் உட்கார்ந்து டிவியில் விலையைப் படிப்பது பெரும்பாடு. இப்போது அடர்சாம்பல் பின்னணி, வெள்ளை எழுத்து, பொருள்களைக் காட்டும் பெரிய கார்டுகள். இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற அளவுக்காவது பின்னணியோடு நிறவேறுபாடு கேட்கின்றன. அந்தக் கணக்கை யாரோ கவனித்துச் செய்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரிகிறது. ராத்திரி வெகுநேரம் பார்த்தாலும் கண் வலிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, பொருள்களின் அரிய தன்மையைக் காட்டும் முறை. முன்பு பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மட்டுமே. ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. இப்போது நிறத்தோடு ஒரு வடிவமும் பெயரும் சேர்ந்து வருகின்றன. ஏற்கெனவே வாங்கியவை மங்கலாகத் தெரிகின்றன; தொகுப்பாக வாங்கும்போது நம்மிடம் இருப்பதைக் கழித்த விலையே முதலில் வருகிறது. இதெல்லாம் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, குறைகளுக்கு வருவோம். கார்டுகள் பெரிதானதால் ஒரு திரையில் நாலைந்துதான் அடங்குகின்றன. இரண்டு ஸ்கின்களை (பாத்திரங்களின் தோற்றத்தை மாற்றும் பொருள்களை) ஒப்பிட மேலும் கீழும் போய்வர வேண்டும். கர்சர் பட்டதுமே வீடியோ ஓட ஆரம்பிக்கிறது. அதை நிறுத்தும் வழி அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. பழைய போன்களில் இந்த வீடியோவால் பக்கமே திணறுகிறது. போனில் பார்ப்பவர்களுக்காவது வீடியோ தானாக ஓடாமல் இருக்க வேண்டும்.

புதுத் தோற்றம் வருகிறதென்றால் உள்ளே என்னென்ன காணாமல் போகிறது என்றும் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் பிளேஸ்டேஷன் ஸ்டோரின் இணையதளம் மாறியபோது, பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா ஆகிய பழைய பிளேஸ்டேஷன் கருவிகளுக்கான கேம்களை அங்கே வாங்கும் வசதி எடுக்கப்பட்டது. புதிதாகத் தொடங்கும் ஸ்டோரிலும் அடிப்படை வசதி விடுபடலாம்: கணினி கேம்களை விற்கும் எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் வந்தது. பல கேம்களைச் சேர்த்து வாங்கும் ஷாப்பிங் கார்ட் 2021 டிசம்பரில்தான் வந்தது. நான் பயன்படுத்தும் ஸ்டோரிலும் பின்னால் வாங்க நினைப்பவற்றைக் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட்டை விலைவாரியாக வரிசைப்படுத்தும் வசதி இந்த மாற்றத்தோடு போய்விட்டது. அதைத்தான் நான் தினமும் பயன்படுத்தினேன்.

பின்னணி இசையையும் எடுத்துவிட்டார்கள். இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. நின்டெண்டோவின் வீ கன்சோலில் கேம்களை விற்ற வீ ஷாப் சேனல் 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் இசையை இன்றும் ஆசையாகப் போட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெளிவான எழுத்துக்காக மரப்பலகை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இப்போதைய ஸ்டோரில் கேமின் பெயரை மறைத்துவிட்டால் எந்தக் கேமுக்கும் பொருந்தும். தலைப்பு எழுத்திலாவது, ஓரக் கோடுகளிலாவது அந்த உலகத்தின் சாயல் இருக்கலாமே! படிக்க வேண்டிய எழுத்தைத் தொடாமலே அதைச் செய்ய முடியும்.

வாங்கும் பட்டனை இப்போது அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்கிறது. நல்ல முடிவு. ஃபோர்ட்நைட் கேமில் குழப்பமான பட்டன் அமைப்பால் ஆட்டக்காரர்கள் விரும்பாமலே பணம் செலவழிக்க நேர்ந்தது என்று சொல்லி, அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தக் கேமை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2022 டிசம்பரில் அறிவித்த உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் 24.5 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. ஒரு பட்டன் எங்கே, எப்படி இருக்கிறது என்பதில் அவ்வளவு இருக்கிறது.

அப்புறம், விலை இன்னமும், உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் கேம் நாணயத்தில் மட்டுமே வருகிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட கோட்பாடுகள், உண்மைப் பண மதிப்பையும் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. இவ்வளவு பெரிய கார்டில் அதற்கு இடமில்லாமல் இல்லை. அடுத்த அப்டேட்டில் விலைவாரி வரிசையோடு இதுவும் வந்தால், இந்த ஸ்டோரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.