நெல்லையிலிருந்து வெளிநாடு: மதுரையா, வாகைக்குளமா, திருவனந்தபுரமா?

அக்கா லண்டனில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும், அதுவும் தனியாக. பாளையங்கோட்டையிலிருந்து எந்த விமான நிலையம் வழியாக அனுப்புவது என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமா மதுரை என்றார். பக்கத்து வீட்டில், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமே என்று. எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஏறி, தோஹாவில் மாறி, லண்டன் போகும்படி டிக்கெட் போட்டோம். அந்த அலசலில் தெரிந்ததை, இதே குழப்பத்தில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. நெல்லையிலிருந்து மதுரையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், 150 கி.மீ. சுமார். வாகைக்குளம் 30 கி.மீ. சொச்சம்தான். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், அதைப் பற்றி எழுதிப் பயனில்லை. ஓணத்துக்கும், கல்ஃப் பள்ளிகள் விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டுக்கும் திருவனந்தபுரத்தில் விலை ஏறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது அம்மா கேட்ட கேள்விதான்: "பெட்டிய எங்கலே கொடுக்கணும், எங்கலே வாங்கணும்?"

வெளிநாட்டுப் பயணத்தில் வயதானவர்களுக்கு உண்மையான சிரமம் பறப்பதில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. எத்தனை இடத்தில் அதை வாங்க வேண்டும், எத்தனை இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், எந்த வழி நல்ல வழி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வாகைக்குளத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி விமான நிலையம் இப்போது பழைய மாதிரி இல்லை. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் 3 கி.மீ.க்கு மேல் நீட்டிவிட்டார்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கிடைப்பது சென்னை, பெங்களூரு போன்ற உள்நாட்டு விமானங்கள்தான். வெளிநாடு போக சென்னையில் மாற வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? தூத்துக்குடி - சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோதான் பெட்டியில் போடலாம். கல்ஃப், லண்டன் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் 25, 30 கிலோ வரை உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் மிச்ச கிலோவுக்கு வாகைக்குளத்திலேயே தனியாகப் பணம் கட்ட வேண்டும். சென்னையில் இறங்கி, பெட்டி வரும்வரை காத்திருந்து எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது விமானக்காரருக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. தனி டிக்கெட்டின் மிகப் பெரிய ஆபத்து அதுதான்.

இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட முடிந்தால் நிலைமை வேறு. பொதுவாக வெளிநாட்டு எடை அளவையே உள்நாட்டுக் கட்டத்துக்கும் தருவார்கள், போகும்போது பெட்டியைக் கடைசி ஊர்வரை போட்டும் விடலாம். ஆனால் திரும்பி வரும்போது? இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும். அதாவது சென்னையில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். இரவெல்லாம் பறந்து வந்த எழுபது வயது மனுஷி இதைத் தனியாகச் செய்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் வாகைக்குளத்தை விட்டோம்.

மதுரைக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால், சாலையைப் பொறுத்தவரை மதுரைதான் வெற்றி. கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று நான்கு வழிச்சாலையில் நேராகப் போய், திருமங்கலம் தாண்டி ரிங் ரோட்டில் திரும்பினால் விமான நிலையம். இரண்டரை மணி நேரம் போதும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடலாம். நிலையம் சிறியது, உள்ளே வழி தவற இடமில்லை. துபாய், கொழும்பு போகிறவர்கள் தயங்காமல் மதுரையைப் பார்க்கலாம், நேர் விமானம் உண்டு. ஆஸ்திரேலியா போகிறவர்கள் கொழும்பு வழியையும் விசாரியுங்கள். மதுரையில் கொடுத்த பெட்டி ஸ்ரீலங்கன் விமானத்தில் ஒரே டிக்கெட்டில் மெல்பர்ன்வரை போகும். அந்த வழியில் நான் போனதில்லை, போய்வந்த உறவினர் குறை சொல்லவில்லை.

மதுரையின் குறை, சேவைகள் குறைவு என்பது. ஒரு ஊருக்கு ஒன்றிரண்டு விமானம்தான். ஏதாவது ஒரு நாள் விமானம் ரத்தானால், அன்றே வேறு விமானத்தில் ஏற்றிவிட அங்கே வழி குறைவு.

இப்போது திருவனந்தபுரம். 1991 முதல் பன்னாட்டு விமான நிலையம். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், எத்திஹாட் மூன்றும் வருகின்றன. இந்த மூன்றுக்கும் துபாய், தோஹா, அபுதாபியில் தாய்க்கூடு இருப்பதால், அங்கே ஒரு முறை மாறினால் உலகத்தில் பெரும்பாலான ஊர்களுக்குப் போய்விடலாம். பெட்டியைத் திருவனந்தபுரத்தில் கொடுத்தால் லண்டனில்தான் வாங்க வேண்டும். வரும்போது லண்டனில் கொடுத்தால் திருவனந்தபுரத்தில் வாங்க வேண்டும். சுங்கமும் அங்கேயே முடிந்துவிடும். வெளியே வந்தால் நம்ம கார். அம்மாவின் கேள்விக்கு இந்த வழியில் ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தது. மஸ்கட், ஷார்ஜா, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நேர் சேவைகளும் உண்டு. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்துக்குப் போகும் சாலைதான் சோதனை. காவல்கிணறுவரை நான்கு வழிச்சாலை, ஆரல்வாய்மொழி தாண்டியதும் வேகம் விழுந்துவிடும். நாகர்கோவில், தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை என்று கடைத்தெருவுக்குள்தான் பயணம். மார்த்தாண்டம் மேம்பாலம் கொஞ்சம் உதவும். கல்யாண முகூர்த்த நாளில் அதுவும் உதவாது. எல்லை தாண்டியதும் களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய சாலையில் போகாதீர்கள். காரோட்டில் பைபாஸ் பிடித்து, கோவளம், திருவல்லம் வழியாக வந்தால் சாக்கையில் பன்னாட்டு முனையத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். சிறிது டோல் கட்ட வேண்டும், அது மிச்சமாகும் நேரத்துக்கு ஈடாகாது. மொத்தத்தில் நான்கு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள், பகலில் போனால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வாடகை கார் என்றால், பேசிய தொகையில் கேரள பெர்மிட்டும் சேர்த்தியா என்று ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேரளத்தில் ஹர்த்தால் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்றும் முந்தின நாள் பார்த்துக்கொள்வது நல்லது. விமானப் பயணிகளை வழக்கமாக விட்டுவிடுவார்கள், ஆனாலும் முன்னதாகக் கிளம்பிவிடலாம்.

சாமான் குறைவாக இருக்கும் இளவட்டங்கள் ரயிலிலேயே போகலாம். அனந்தபுரி, திருச்சி இன்டர்சிட்டி எல்லாம் நெல்லை வழியாகத்தான் போகின்றன. திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தால் விமான நிலையம் 6 கி.மீ. சுமார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது முனையம். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருப்பது டெர்மினல் 1. 2011-ல் திறந்த டெர்மினல் 2 சாக்கைப் பக்கம் இருக்கிறது, வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான். இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது, உள்ளே நடந்து மாற முடியாது, சாலையைச் சுற்றித்தான் வர வேண்டும். டிக்கெட்டில் உள்ள டெர்மினல் எண்ணை ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். "ஏர்போர்ட்" என்று மட்டும் சொன்னால் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, உலகத்தில் வேறெங்கும் கேள்விப்படாதது. பத்மநாபசுவாமி கோவிலின் பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் நிறைவு நாளில் சுவாமி ஆறாட்டு என்னும் புனித நீராட்டுக்காகச் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளுகிறார். ஊர்வலம் போவது ஓடுபாதையின் குறுக்காக. வருடத்துக்கு இரண்டு முறை, மாலை 4 மணி வாக்கில் தொடங்கி சுமார் 5 மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. விமான நிறுவனங்கள் முன்கூட்டியே நேரத்தை மாற்றி அறிவித்துவிடும். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் மாலை விமானத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள், பழைய டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தை நம்பி இருக்கக் கூடாது.

வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்துத்தான் பயணியை உள்ளே விடுவார்கள், வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் தனியாகப் போகும் பெரியவர்களுக்கு வீல்சேர் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், நடக்க முடிந்தவர்களாக இருந்தாலும். பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். வீல்சேர் தள்ளுகிறவரே பெட்டி போடுவது, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றையும் முடித்து கேட்வரை கொண்டுபோய் விடுவார். திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். பெட்டி கட்டும்போது கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள், எளிதில் தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தோஹாவில் மாறுவதைப் பற்றித்தான் அம்மாவுக்குப் பயம். ஹமாத் விமான நிலையம் பெரியதுதான், ஆனால் குழப்பமானதல்ல. பெட்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அது தன் வழியில் போய்விடும். விசா வேண்டாம். இறங்கியதும் இன்னொரு பாதுகாப்புச் சோதனை, தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்பே காலி செய்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் நடுக்கூடத்தில் ஏழு மீட்டர் உயரத்தில் ஒரு மஞ்சள் கரடிப் பொம்மை உட்கார்ந்திருக்கும், அதன் பின்னால் ஒரு பெரிய விளக்கு. வழி தெரியாவிட்டால் அங்கே வந்து நின்றுவிடுங்கள், யாரிடமும் கேட்டு வந்துவிடலாம். அங்கிருந்துதான் ஏ, பி, சி என்று கேட் பகுதிகள் பிரிகின்றன. அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸைத் திருவனந்தபுரத்திலேயே கொடுத்துவிடுவார்கள், கேட் எண் மட்டும் மாறலாம், அதைத் திரையில் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு தாளில் விமான எண், என் எண், அக்காவின் எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். வீல்சேர்க்காரரிடம் நீட்டினால் போதும். மாறுவதற்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

திருச்சி, கொச்சி, சென்னை வழிகளை நான் ஆழமாகப் பார்க்கவில்லை. திருச்சியில் 2024-ல் புது முனையம் வந்திருக்கிறது, சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் அதைப் புகழ்கிறார்கள். நமக்கு அது மதுரையைவிட இரண்டு மடங்கு தூரம். சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். பெட்டி ஒன்றே ஒன்று என்றால் அது நல்ல வழி.

தென்காசி, கடையநல்லூர்க்காரர்களுக்கு என் சாலைக் கணக்கு பொருந்தாது. அவர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் இறங்கிவிடலாம், தூரமும் குறைவு. மலைப்பாதை, வளைவுகள் அதிகம். வாந்தி வருகிறவர்கள் இருந்தால் பகலில் கிளம்பி, முன் சீட்டில் உட்கார வையுங்கள்.