ஈஸ்டர் பன்னுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட்: வேலூர் வெயிலுக்கு ஒத்துவருமா?

பிள்ளைகளோடு பன் சுட இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான் சரி. ஊறவைத்துக் காத்திருக்க வேண்டாம். மாவிலேயே நேரடியாகக் கலக்கலாம். பிரித்துப் பொட்டலம் கட்டித் தருவதை மட்டும் வாங்காதீர்கள், காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும்.

அரை கிலோ மைதாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், 60 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 50 கிராம் வெண்ணெய், 300 மி.லி. பால். 12 பன் வரும். வெதுவெதுப்பான பால் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் குளிர் ஊருக்கானவை. பங்குனி, சித்திரை வேலூருக்குக் காய்ச்சி ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பாலே போதும். அப்படியும் மாவு 40 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி மெதுவாகப் பாதி மேலெழுந்தால் பதம். அப்படியே அமுங்கி, கள் வாடை அடித்தால் நேரம் கடந்துவிட்டது, பன் தட்டையாகிவிடும்.

உருட்டுவது முழுக்கப் பிள்ளைகள் வேலை, அதில் பெரியவர்கள் கை வைக்கவே கூடாது! ஒட்டினால் மாவு தூவாமல், உள்ளங்கையில் துளி எண்ணெய் தடவிவிடுங்கள். மாவு தூவினால் பன் வறண்டுவிடும். உருட்டியதை 20 நிமிடம் மூடி வையுங்கள். பன் மேல் போடும் சிலுவைக் குறிக்கு மைதாவும் தண்ணீரும் சமமாகக் குழைத்து, கழுவிய பால் கவரின் மூலையை வெட்டிப் பிழியலாம். ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள்.

மிச்ச ஈஸ்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.