டிராஃப்டர் எப்போது கைக்கு வரும்? மேத்ஸ் குரூப், தொழிற்பிரிவு, பாலிடெக்னிக்: ஒரு சேலத்து ஒப்பீடு

அக்கா மகன் ஏற்காட்டில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். காப்பித் தோட்டத்தில் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷினைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டுவது அவனுக்கு விளையாட்டு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் கியர் படம். "இன்ஜினியரிங், இல்லைன்னா ஏதாவது டிசைன்" என்கிறான். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு இப்ப எதுலடா சேர்க்கணும்?"

சேலத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும்: மேத்ஸ் குரூப், வேறென்ன. நான் பாலிடெக்னிக் போய், அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தவன். தம்பி மேத்ஸ் குரூப் படித்து முதலாண்டில் சேர்ந்தவன். இரண்டு வழியிலும் எங்கே முள் இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அதனால்தான் அக்காவுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

மேத்ஸ் குரூப்பிலிருந்தே தொடங்குகிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், கூடவே கம்ப்யூட்டர் சயின்ஸோ உயிரியலோ. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் இந்தக் குரூப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜேஇஇ எழுதலாம், கட்டடக்கலைக்கான பி.ஆர்க். போகலாம், மனம் மாறினால் பி.எஸ்சி.யும் போகலாம். பதினைந்து வயதில் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது பெரிய சலுகை.

ஆனால் அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை டிராஃப்டரை, அதாவது வரைபலகையில் கோடு போடும் கருவியை, தொடவே மாட்டான். ஒர்க்‌ஷாப் வாசலைப் பார்க்க மாட்டான். என் தம்பி கட்-ஆஃபில் கெட்டி. முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் அரியர். முதல் கோண வீழலில் (ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறை) முன் தோற்றம் மேலேயும் மேல் தோற்றம் கீழேயும் ஏன் வருகிறது என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை. கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் என்று சூத்திரம் சொல்வான், கண்ணுக்குள் பார்க்க வராது. கடைசியில் சமையலறையில் ஒரு கேரட்டைச் சாய்த்து வெட்டி, இந்தா நீள்வட்டம் என்று காட்டினேன். அம்மா அந்தக் கேரட்டைப் பொரியலில் போட்டுவிட்டார்.

பாலிடெக்னிக்கில் இது தலைகீழ். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு 3 ஆண்டு, 6 செமஸ்டர். முதலாண்டிலேயே டிராயிங், முதலாண்டிலேயே ஒர்க்‌ஷாப். ஒரு எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்து நான் உள்ளங்கை உரிந்த நாட்கள் உண்டு. வெர்னியரில் 0.02 மி.மீ. என்பது எவ்வளவு சின்னது என்று கைக்குத் தெரிந்த பிறகு, டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு தவறலாம் என்ற வரம்பு) எழுதும்போது பேனா தானாகத் தயங்கும். கம்ப்யூட்டரில் மட்டும் வரைந்து பழகியவர்கள் அனுப்பும் டிராயிங்குகளில் அந்தத் தயக்கம் இருக்காது. எங்கள் லேத் பட்டறைக்கு அப்படிப்பட்டவை வாரம் ஒன்றாவது வருகின்றன.

சேலத்தில் இந்தப் படிப்புக்கு நீண்ட வேர் உண்டு. தியாகராஜர் பாலிடெக்னிக் தொடங்கியது 1958-இல். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியே 1966-இல்தான் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கான மாதம் 1,000 ரூபாய் உதவி (பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்) பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் கிடைக்கிறது. பிளஸ் டூ வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழியின் முள் கணிதம். நேரடி இரண்டாம் ஆண்டில் நான் உட்கார்ந்தபோது வகுப்பு மூன்றாவது செமஸ்டருக்கு வந்துவிட்டது. பலகையில் ஃபூரியர் தொடர். மற்றவர்கள் பிளஸ் டூவிலும் முதலாண்டிலுமாக மூன்று வருடம் தொகையிடலில் ஊறியவர்கள். லேத்தில் அவர்கள் என் பின்னால் நின்றார்கள், கணக்கில் நான் அவர்கள் பின்னால் நின்றேன். இரண்டு முறை எழுதித்தான் அந்தப் பேப்பரில் தேறினேன். டிப்ளமோ படித்தவர் ஜேஇஇ எழுதக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் அந்தப் பாடத்திட்டம் அதற்கு ஆளைத் தயார்ப்படுத்தாது. ஐஐடி கனவு இருந்தால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

மூன்றாவது வழி, பலர் மறந்துபோனது: மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்பிரிவு. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், கட்டடப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம் என்று பிரிவுகள். காகிதத்தில் பார்த்தால் இதுதான் 'பள்ளியிலேயே இன்ஜினியரிங்'. பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் தனித் தரவரிசையும் உண்டு. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டும் சேரலாம். ஆனால் கணிதமும் இயற்பியலும் சேர்ந்து வராததால் ஜேஇஇயும் பி.ஆர்க்.கும் கைவிட்டுப் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், பிரிவு இருக்கும் எல்லா இடத்திலும் பட்டறை இருக்காது. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் லேத் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள். வேலைத் துண்டைப் பிடிக்கும் அதன் 'சக்' தலையைச் சுற்றினேன், அசையவில்லை. சேர்க்கும் முன் அந்த ஷெட்டுக்குள் போங்கள். மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால், பிரிவுக்கென்று ஓர் ஆசிரியரும் இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம்.

சிபிஎஸ்இயில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. ஐசோமெட்ரிக் படம், பேரிங், காட்டர் ஜாயின்ட், கப்ளிங் போன்ற இயந்திர உறுப்புகள் என்று பிளஸ் டூவிலேயே வரைய வைக்கிறார்கள். மேத்ஸ் குரூப்பின் கதவுகளும் திறந்திருக்கும், கையில் பென்சிலும் இருக்கும். என்னைக் கேட்டால் பாடத்திட்டங்களில் இதற்குத்தான் முதல் இடம். பாடம் பட்டியலில் இருப்பது வேறு, பள்ளி அதை நடத்துவது வேறு. நம் பக்கத்தில் நடத்தும் பள்ளி கிடைப்பது குதிரைக்கொம்பு.

டிசைன் என்று பையன் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. "என்ஐடிக்கு ஜேஇஇ எழுதணுமே" என்றார் மச்சான். அவர் சொன்னது திருச்சி என்ஐடி. அகமதாபாத்தில் இருக்கும் டிசைன் என்ஐடி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல இருந்து தொலைக்கிறது. அந்த டிசைன் நுழைவுத் தேர்வுக்கும், ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட்டுக்கும் குரூப் ஒரு பொருட்டே இல்லை. வணிகவியல் படித்தவரும் எழுதலாம். யூசீட்டில் கையால் வரைய வேண்டிய கேள்வியும் வரும். பி.ஆர்க். மட்டும்தான் கறாரானது: கணிதமும் இயற்பியலும் கட்டாயம் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணிதம் இருந்த 3 ஆண்டு டிப்ளமோ. தமிழ்நாட்டுத் தரவரிசையில் நாட்டா என்ற பி.ஆர்க். நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு 200, பிளஸ் டூவுக்கு 200.

டிசைன் படிக்க அகமதாபாத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. இந்திய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960-இலிருந்து சேலத்திலேயே இருக்கிறது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைந்து, அதை ஜக்கார்டு தறியில் துணியாக்குவதும் டிசைன்தான். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் அதை டிசைன் என்றே சொல்கிறார்கள். மருமகனுக்கு இரும்பில்தான் ஆசை என்பதால் இதை விட்டுவிட்டோம்.

என் ஓட்டு பாலிடெக்னிக் மெக்கானிக்கலுக்கு. கட்டடக்கலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேத்ஸ் குரூப் என்றிருப்பேன். ஒரு நிபந்தனையும் போட்டேன்: பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களை இப்போதே வாங்கி, மூன்று வருடத்தில் சனி, ஞாயிறுகளில் முடித்துவிட வேண்டும். அவனுக்குச் சம்மதம். அக்காவுக்கு இப்போது பாடத்தைப் பற்றிக் கவலை இல்லை. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சாயங்காலம் ஏறி வந்து, அப்புறம் எப்போது டிராயிங் ஷீட் வரைவான் என்கிறாள். விடுதியில் இடம் கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, டிராயிங் போர்டு ஒன்றுதான் வாங்க வேண்டும்.