ஆயில் எஞ்சின் வேலைக்கு வீட்டில் ஒரு பழைய லேத்

வீட்டில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு லேத் (உலோகத்தைச் சுழலவிட்டுக் கடைகிற மெஷின்) தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். அதுவும் மேசைமேல் வைக்கிற புது மினி லேத்தைவிட, யாராவது பட்டறையை ஒழிக்கும்போது கிடைக்கிற கனமான பழைய லேத்தே நல்லது. என்னிடம் இருப்பது பாளையங்கோட்டைப் பக்கம் அப்படி வாங்கிய நாலரை அடி லேத். சில வருடமாக சீவலப்பேரியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்கள்தான் அதில் அதிகம் வேலை வாங்கியிருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேர்கிற எங்கள் பக்கம் எத்தனையோ எஞ்சின்கள் சகதிக்குள் கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் எல்லாருக்கும் கை போனது எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலுக்குத்தான். அதைத் தடுப்பதே முதல் வேலை. சிலிண்டருக்குள் நிற்கிற தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இஞ்செக்டரைக் கழற்றி, அடியில் எண்ணெய் நிற்கிற சம்ப்பிலிருந்து சகதி எண்ணெயை வடித்து, டீசல் விட்டுக் கழுவி, அப்புறம்தான் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். "ஏ தம்பி, எஞ்சின் செத்துட்டுன்னு மட்டும் சொல்லிராத, எங்கய்யா வாங்குனது" என்று ஒரு அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருடையது கிர்லோஸ்கர் ஏவி1: 80 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் அகலம்), 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்), 1500 ஆர்பிஎம்மில் 5 எச்பி. அது இப்போதும் வாழைக்குத் தண்ணீர் இறைக்கிறது.

லேத் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது புஷ் (பின் ஆடுகிற துளைக்குள் இறக்குகிற உலோக வளையம்) வேலையில். சகதி புகுந்த எஞ்சினில் ராக்கர், கவர்னர் லீவர், ஸ்மால் எண்ட் (கனெக்டிங் ராடின் பிஸ்டன் பக்கத்து முனை) என்று புஷ் இருக்கிற இடமெல்லாம் தேய்ந்திருக்கும். கடையில் விற்கிற புஷ் உள்ளே போகிற பின்னுக்குச் சரியாக இருக்கும். ஆனால் பலமுறை புஷ் மாற்றிய ராடின் துளையில் லூசாக நிற்கும். அங்கேதான் சொந்த லேத்தின் அருமை தெரியும். துளையை அளந்து, கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) துண்டை அதைவிட 0.04 மில்லி கூடுதலாகக் கடைந்து, பிரஸ்ஸில் இறக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இறக்கியதும் உள்துளை கொஞ்சம் சுருங்கும். அதற்கு இடம் விட்டு, கடைசியில் துளையைத் துல்லியமாக விரிக்கிற ரீமர் போட்டு பின்னுக்குச் சேர்க்க வேண்டும். மெஷின் தேய்ந்திருந்தாலும் மைக்ரோமீட்டர் நல்லதாக இருந்தால் இந்த வேலையை நம்பிச் செய்யலாம். காசு மிஞ்சினால் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்காமல் மைக்ரோமீட்டரில் போடுங்கள்.

கடைகிற துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில், நாலு தாடை உள்ளதை ஒதுக்கிவைக்காதீர்கள். மூணு தாடை சக் வேகமானது, ஆனால் பழசானால் நடுவில் பிடிக்காது. ஏற்கெனவே கடைந்த பாகத்தைத் திரும்ப மாட்டும்போது நாலு தாடையும், ஆட்டத்தை முள்ளில் காட்டுகிற டயல் கேஜும்தான் கைகொடுக்கும். அம்பாசமுத்திரத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உளி தொடுவதற்கு முன்பே கட்டை ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். இரும்புக்கும் அதே கவனம் வேண்டும்.

மோட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேத்தோடு வந்தது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் உறுமும், கிளம்பாது. ஓடினாலும் அதன் அதிர்வு கடைசல் பரப்பில் மெல்லிய வரியாகத் தெரியும். த்ரீ ஃபேஸ் மோட்டாரும் அதை வீட்டு லைனில் ஓட்ட ஒரு விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்கருவி) போட்ட பிறகு பரப்பு வழவழவென்று வருகிறது. 25 மில்லி மைல்டு ஸ்டீல் கம்பியை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் கடைய 380 ஆர்பிஎம் போதும். இப்போது பெல்ட் மாற்றாமலே அந்த வேகத்துக்கு வரலாம். ஆனால் ரொம்பக் குறைத்து நேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் மெதுவாகி உடம்பு சுடும். கனமான வெட்டுக்கு இன்றும் பெல்ட்டைத்தான் மாற்றுகிறேன்.

தேய்மானத்துக்கு வருகிறேன். டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடின் நட் ஒருமுறை மாற்றியாயிற்று. சக்கைச் சுற்றுகிற ஹெட்ஸ்டாக்கின் புஷ் பேரிங் இன்னும் நன்றாக இருக்கிறது. தினமும் 68 நம்பர் ஆயில் விடுகிறேன். பெட்டைத்தான் (லேத்தின் நீளமான அடிப்பகுதி) காப்பாற்ற வேண்டும். வார்ப்பிரும்பைக் கூலன்ட் இல்லாமல்தான் கடைவோம், அந்தக் கறுப்புத் தூள் பெட்மேல் டூலைத் தாங்கி நகர்கிற கேரேஜுக்கு அடியில் போனால் பெட்டை அரைத்துவிடும். பழைய வேட்டியால் மூடிவைத்துக் கடைந்து, முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி விட்டாலும் துரு பிடிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் வருகிற புழுதிக்கும் இதே வைத்தியம்தான்.

இதில் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. கிராங்க் கிரைண்டிங், சிலிண்டர் ஹோனிங் டவுனுக்குப் போகட்டும். ஃபியூயல் பம்ப் பிளஞ்சரின் இடைவெளி சில மைக்ரான்தான், அதில் கை வைக்கவே கூடாது. டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் 200 பாரில் திறக்கிறதா என்று டெஸ்டர் உள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

பழைய லேத் பார்க்கப் போகிறவர்கள் கேரேஜை சக் பக்கத்தில் ஓரளவு இறுக்கிவிட்டு, கையால் டெயில் ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற பகுதி) வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கி வந்து நிறுத்தியதும், 40 மில்லி கம்பியை டெயில் ஸ்டாக் இல்லாமல் மாட்டி, 100 மில்லி தள்ளி இரண்டு இடத்தில் ஒரே லேசான வெட்டு போட்டு அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பெட் முறுக்கி நிற்கிறது; காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.