பூனைக்கான சர்க்கரை மீட்டர்: வாங்கலாமா?

வயதான பூனைக்குச் சர்க்கரை, கூடவே சிறுநீரகக் கோளாறும் என்றால், விலங்குகளுக்கென்றே வரும் குளுக்கோமீட்டரைத் தயங்காமல் வாங்கலாம். நமக்கான மீட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். ஆனால் பூனை ரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பாலும் பிளாஸ்மாவில்தான் (ரத்தத்தின் திரவப் பகுதி) இருக்கிறது, சிவப்பணுக்களில் குறைவு, அதனால் மனித ரத்தக் கணக்குக்கு அமைத்த மீட்டர் பொதுவாக உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

நான் வாங்கியதற்கு 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். காது ஓரத்தைக் கையால் கொஞ்சம் சூடாக்கி, பின்பக்கம் பஞ்சை வைத்துக் குத்தினால் கடுகளவு துளி எட்டிப் பார்க்கும், மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் (சோதனைப் பட்டை) அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் பூனைக் கிழவி கண்ணைக்கூடத் திறப்பதில்லை (அதே காதை ஆஸ்பத்திரியில் தொட்டால் கதையே வேறு). அங்கே பயத்திலேயே சர்க்கரை எகிறிவிடும்.

சிறுநீரகம் மந்தமானால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கலாம், பசியும் குறையும். சரியாகச் சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு ஊசி போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஊசிக்கு முன் ஒரு எண் கையில் இருந்தால் மருத்துவரிடம் போனிலேயே கேட்டு முடிவெடுக்கலாம்.

குறை என்றால் ஸ்ட்ரிப் விலைதான், கையைக் கடிக்கிறது. மீட்டரில் நாய்க்கும் பூனைக்கும் வேறு வேறு குறியீட்டு எண் (code), அதைக் கவனித்து வைக்க வேண்டும். அப்புறம், சிறுநீரக நோயோடு ரத்தசோகையும் வந்தால் மீட்டர் அளவைக் கூட்டிக் காட்டலாம், அதை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். காதைக் குத்த உடன் வரும் லான்செட் பேனா வேஸ்ட். அந்த 'டக்' சத்தத்துக்கே பூனை ஓடிவிடும், வெறும் ஊசிமுனையே மேல்.