கை தட்டுறதா, வால பாக்குறதா, டிக்‌ஷனரியா?

நீளமான இங்கிலீஷ் வார்த்தைய சிலபிள் சிலபிளா (ஒரே வீச்சுல சொல்ற ஒலித்துண்டுகளா) உடைச்சு, ஸ்ட்ரெஸ், அதாவது அழுத்தம், எங்க விழுதுன்னு பாக்க ஆளுக்கு ஒரு வழி சொல்றாங்க. மூணையும் போட்டு பாத்துட்டேன்.

முதல்ல கை தட்டுறது, இல்ல தாடைக்கு கீழ கைய வச்சு எத்தன தடவ இறங்குதுன்னு எண்றது. சின்ன பசங்களுக்கு ஜாலி. ஆனா நம்ம வாய்க்கு சரிப்படாது, ஏன்னா ஒரே சிலபிள் இருக்குற வார்த்தைய நாம ஃபிலிம், இஸ்கூல்னு இழுத்து ரெண்டு தட்டு தட்டிருவோம், கம்ஃபர்டபிள்னு நாலு தட்டுவோம், இங்கிலீஷ்காரங்க பெரும்பாலும் கம்ஃப்-ட-பிள்னு மூணுல முடிச்சிருவாங்க. (யாப்பு படிச்சவங்க அசையும் சிலபிளும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, "பல" யாப்புல ஒரே நிரையசை, இங்க ரெண்டு சிலபிள்.) சரியா எண்ணிட்டாலும் எத அழுத்தணும்னு தட்டு சொல்லாது.

அடுத்தது வார்த்தையோட வால பாக்குறது, என் ஓட்டு இதுக்குத்தான். ஷன், இக், இட்டின்னு முடிஞ்சா அதுக்கு முந்தின சிலபிள்ல அழுத்தம். எலக்ட்ரிக்ல "லெக்", அதே எலக்ட்ரிசிட்டி ஆனா "ட்ரிஸ்"ஸுக்கு தாவிரும். ஃபோட்டோகிராஃப்ல முதல் சிலபிள், ஃபோட்டோகிராஃபில ரெண்டாவது, ஃபோட்டோகிராஃபிக்ல மூணாவது, வால் மாற மாற அழுத்தமும் நகருது பாருங்க, நாம மூணையும் "ஃபோ"ன்னே ஆரம்பிச்சு அழுத்துறோம். இஞ்சினியர் மாதிரி ஈர்னு முடியறதுல வால்லயே அழுத்தம், இதையும் நாம முதல்லதான் அமுக்குவோம். சில வார்த்த அடங்காது, டெலிவிஷன், பாலிடிக்ஸ், அரபிக் எல்லாம் முதல் சிலபிள்ல.

அந்த மாதிரி முரண்டு பிடிக்கிறதுக்கு டிக்‌ஷனரிதான். உச்சரிப்பு எழுதிருக்குற எடத்துல மேல ஒரு சின்ன செங்குத்து கோடு இருக்கும், அதுக்கு அடுத்து வர்ற சிலபிள்தான் அழுத்தம். மெரியம் வெப்ஸ்டர்ங்கற அமெரிக்க டிக்‌ஷனரில வார்த்தைக்கு நடுவுல புள்ளி வச்சிருப்பாங்களே, அத சிலபிள்னு நம்பிறாதீங்க, அது வரி முடியற எடத்துல வார்த்தைய எங்க வெட்டலாம்னு காட்டுறதுக்கு. இன்னொண்ணு, பிரிட்டிஷா அமெரிக்கனான்னு பாத்துக்கோங்க, லேபரட்டரிய அமெரிக்கால முதல் சிலபிள்ல அழுத்துவாங்க, பிரிட்டன்ல ரெண்டாவதுல. அட்வர்டைஸ்மென்ட்ல பிரிட்டன்காரங்க "வர்"ங்கறாங்க, அமெரிக்காகாரங்க பெரும்பாலும் "டைஸ்"ங்கறாங்க, நாம "அட்"ட அமுக்கிட்டு ரெண்டு பக்கமும் சேராம நிக்கிறோம்.