விடியற்காலைத் திடலா, ஜூன் மாதக் கூடாரமா, வில்லியம்ஸ்பர்க் பட்டறையா?

அமெரிக்கக் கிழக்குக் கரையின் வாழும் வரலாற்றுக் குழுக்களுக்கு ஆண்டு ஏப்ரலில் சூடுபிடித்து டிசம்பர் கடைசி வரை நீள்கிறது. மூன்று மூலைத் தொப்பியும் கம்பளிக் கோட்டும் அணிந்து, சக்கிமுக்கித் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 13 குடியேற்றங்கள் பிரிட்டனோடு முரண்பட்டுப் பிரிந்த காலத்தைத் தன்னார்வலர்கள் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் குடியேற்றக் காலம் 1776 ஜூலையோடு முடிந்துவிட்டது. இக்குழுக்களின் நாட்காட்டியோ 1783 வரையிலான போர்க்காலத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. பாஸ்டன், நியூ ஜெர்சி, வர்ஜீனியா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று காரில் போய்வரும் தூரத்திலேயே இருக்கும் என்பதால், எதற்குப் போவது என்பதை அலசிப் பார்ப்பது பயனுடையது. கூட்டத்தின் பெருமையையோ வெடிச் சத்தத்தையோ நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. வேடமணிந்தவரின் பக்கத்தில் நின்று அவரிடம் நிதானமாகக் கேள்வி கேட்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

அந்த அளவுகோலில், மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சியே பின்தங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில், ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமையான தேசபக்தர் தினத்தன்று, விடியும் வேளையில் ஊர்த்திடலில் பிரிட்டிஷ் படையுடன் 1775 ஏப்ரல் 19ஆம் நாள் நடந்த மோதல் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. கேப்டன் ஜான் பார்க்கரின் தலைமையில் ஏறத்தாழ 77 ஊர்ப்படையினர் அன்று அணிவகுத்து நின்றார்கள். முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. புகை விலகியபோது அவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்திருந்தார்கள். காயம்பட்ட ஜொனாதன் ஹாரிங்டன் தன் வீட்டு வாசல்வரை தவழ்ந்து சென்று மனைவியின் காலடியில் இறந்தார் என்பது ஊர் வழங்கும் கதை. அந்த வீடு இன்றும் திடலின் ஓரத்திலேயே நிற்பதால், அதைப் பார்த்தபடி நிகழ்ச்சியைக் காண்பதற்குத் தனி அழுத்தம் உண்டு. ஆனால் இருட்டிலேயே வந்து இடம்பிடித்து, குளிரில் மணிக்கணக்காகக் காத்து நின்றவருக்குக் கிடைப்பது சில நிமிடக் காட்சிதான். பின்வரிசையில் நிற்பவர்கள் ஏணி கொண்டுவருவதும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கோ முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். ஒரு முறை பார்த்துவைக்கத் தகுந்த நிகழ்ச்சி இது. எதையேனும் கற்றுக்கொள்ள ஏற்றதன்று.

நியூ ஜெர்சியின் மன்மத் போர்க்கள மாநிலப் பூங்காவில் ஜூன் மாதத்தில் நடக்கும் கூடல் இதற்கு நேர்மாறானது. 1778 ஜூன் 28 அன்று இங்கு நடந்த போரில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கியது; குண்டடி படாமல் வெயிலிலேயே சுருண்டு விழுந்து இறந்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். அதே மாதத்தில், அதே கம்பளிச் சீருடையில் நிற்கும் மனிதரைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, பாடநூலின் ஒற்றை வரியாக இருந்த அந்தச் செய்தி உடம்பால் உணரக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. பீரங்கிப் படையினருக்குத் தண்ணீர் சுமந்து, பின்னர் தானே பீரங்கிப் பணியில் இறங்கியதாகச் சொல்லப்படும் மாலி பிட்சரின் கதை இந்தக் களத்துக்குரியது. அப்பெயருடன் பெரும்பாலும் இணைத்துப் பேசப்படும் மேரி ஹேய்ஸுக்கு 1822இல் பென்சில்வேனியா அரசு ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியம் வழங்கியது என்பதோ கதையன்று, ஆவணம்.

போர்க்காட்சியைவிட முகாம்தான் இங்கே முக்கியம். வரிசையாக அடித்த வெள்ளைக் கூடாரங்களுக்கு இடையே சோறு பொங்குகிறவர்கள், துணி தைக்கிறவர்கள், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக் காட்டுகிறவர்கள் என்று ஆளுக்கொரு வேலையில் இருப்பார்கள். எவரிடமும் போய்ப் பேசலாம். துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிப்பதை இப்படி அருகிலிருந்து பார்ப்பதற்கு இணையில்லை. காகிதப் பொட்டலத்தின் முனையைப் பல்லால் கிழித்து, சிட்டிகை மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணியில் இட்டு மூடி, மிச்சத்தைக் குழலுக்குள் கொட்டுகிறார்கள்; சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறி கிண்ணிக்குள் விழுந்து, உள்ளே உள்ள மருந்து பற்றிக்கொள்கிறது. போர்க்காட்சிகளில் குண்டு இருக்காது; மருந்தை இடித்து இறக்கும் இரும்புக்கோலை உருவுவதற்கும் பொதுவாகத் தடை உண்டு, ஏனெனில் பதற்றத்தில் அதைக் குழலுக்குள்ளேயே மறந்துவிட்டு விசையை இழுத்தால் அதுவே ஈட்டியாகப் பாய்ந்துவிடும். இத்தகைய விவரங்கள் லெக்சிங்டனின் கயிற்றுக்கு அப்பால் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

டிசம்பர் 25 அன்று டெலவேர் ஆற்றைப் படகில் கடந்து காட்டும் நிகழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1776ஆம் ஆண்டின் அந்த இரவில் ஏறத்தாழ 2,400 படைவீரர்களுடன் ஜார்ஜ் வாஷிங்டன் ஆற்றைக் கடந்து டிரென்டனைத் தாக்கியதை, பகல் நேரத்தில் நிகழ்த்துகிறார்கள். படகுகள் அழகு, ஆனால் வெள்ளமோ பலத்த காற்றோ வந்தால் கடப்பதே நின்றுபோகும், பார்வையாளர் கரையில் நின்று திரும்ப வேண்டியதுதான். இதே மாதத்தின் தொடக்கத்தில் ஆற்றின் பென்சில்வேனியாக் கரையிலுள்ள பூங்காவில் நடத்தப்படும் முழு உடை ஒத்திகைக்குக் கட்டணம் உண்டு என்றாலும், செய்முறைக் காட்சிகளும் பேச்சுகளும் சேர்ந்திருப்பதால் கிறிஸ்துமஸ் நாளைவிட அதுவே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. 250ஆம் ஆண்டு நிறைவைக் கணக்கில் கொள்வோர், ஆற்றுக் கடப்புக்கு அது 2026 டிசம்பரிலும் மன்மத்துக்கு 2028 ஜூனிலும் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒப்பிடும்போது வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் வேறு வகை. 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த இந்த ஊரை, பாதிரியார் டபிள்யூ. ஏ. ஆர். குட்வின் தூண்டுதலால் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1926 முதல் பணம் கொட்டி மீட்டெடுத்தார். இன்று 301 ஏக்கரில் அது ஆண்டு முழுவதும் இயங்குகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் பெறுபவர்கள். கொல்லுப்பட்டறை, பீப்பாய் செய்யுமிடம், பொய்முடிக் கடை ஆகியவற்றில் இருப்பவர்கள் பல ஆண்டுகள் பயிற்சிபெற்று அத்தொழிலையே செய்பவர்கள். அதனால் பதில் கனமாக வருகிறது. துணிக்கடையில் நிற்கும் தமிழருக்கு ஒரு தனி வியப்பும் உண்டு: சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணிகள் அக்காலக் குடியேற்றங்களின் பெண்கள் விரும்பி உடுத்திய உடைகளில் இடம்பெற்றவை. இங்கிலாந்துக்குள் அவற்றை உடுத்துவதற்கு 1721ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்திருந்தபோதிலும், கடல்கடந்த குடியேற்றங்களுக்கு ஏற்றுமதி செய்யத் தடையில்லை.

மற்றக் கூடல்கள் போர்வீரனை முன்னிறுத்துவதில் அடிமைமுறையை எளிதாக ஓரங்கட்டிவிடுகின்றன. வில்லியம்ஸ்பர்க்கால் அப்படிச் செய்ய இயலாது, ஏனெனில் புரட்சிக் காலத்தில் அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். 1994 அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்றை அங்கே நிகழ்த்திக் காட்டியபோது, அந்தத் துயரத்தைக் காட்சிப் பொருளாக்குவதா என்று கறுப்பின அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் அதைப் பேசாமல் விடுவதைவிடப் பேசிச் சர்ச்சைக்குள்ளாவது மேல் என்பது என் கருத்து. மாசசூசெட்ஸின் பிளிமத்திலுள்ள பிளிமத் பட்டுக்செட் அருங்காட்சியகம் இன்னொரு வழியைத் தேர்ந்துள்ளது: ஆங்கிலேயர் கிராமத்தில் இருப்பவர்கள் 17ஆம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுவார்கள்; பூர்வகுடியினர் பகுதியில் இருப்பவர்களோ பாத்திரம் ஏற்று நடிக்காமல் இன்றைய மனிதர்களாகவே தம் மக்களைப் பற்றிப் பேசுவார்கள்.

பார்வையாளராகப் போவோருக்கு என் வரிசை வில்லியம்ஸ்பர்க், மன்மத், ஆற்றங்கரை ஒத்திகை, லெக்சிங்டன் என்பதே. குழுவில் சேர விரும்புவோருக்கு வரிசை மாறும். அவர்கள் மன்மத் போன்ற முகாமுக்குத்தான் முதலில் போக வேண்டும், ஏனெனில் பல குழுக்கள் ஓரிடத்தில் கூடியிருக்க, எது கண்டிப்பானது, எது குடும்பத்தோடு வருவோரை வரவேற்பது என்பதை ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். புதியவர்களுக்கு இரவல் உடை கொடுக்கும் குழுக்கள் பல. துப்பாக்கியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்: நல்ல பிரதி ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், இந்தியாவில் செய்யப்படும் மலிவுப் பிரதிகளைச் சில குழுக்கள் ஏற்கும், சில ஏற்பதில்லை, மேலும் துப்பாக்கி ஏந்துவதற்குக் குறைந்தபட்ச வயதும் பயிற்சியும் கேட்பார்கள். முதலில் வாங்க வேண்டியது காலுக்குப் பொருந்தும் கொக்கிக் காலணிதான். அடுத்தவர் துப்பாக்கியோடு நாள் முழுவதும் நிற்கலாம், அடுத்தவர் காலணியோடு ஜூன் வெயிலில் மன்மத் புல்வெளியை ஒரு சுற்றுக்கூடச் சுற்ற முடியாது.